வருமானம் இல்லாத சம்சாரம்

மாமா,

ஒரு குடும்பத்தின் மானம் ஆம்பளை வாயிலிருந்து வரும் சொல்லில்தான் இருக்கிறது. அந்த வாயால் நீங்க ஃபைனான்ஸ் ஆபீசில் சொன்ன சொல், "என் சம்சாரத்துக்கு ஒத்தப் பைசா வருமானம் இல்லிங்க சார்."

உங்க அக்கா பொண்ணு சடங்குக்குக் குதிரை வண்டியில தாய்மாமன் சீர் கொண்டுபோக வாங்கின லோன் அது. வாங்கறப்ப, "வூட்ல ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம்"னு மார்தட்டினீங்க. இப்ப தவணையைப் பாதியாக் குறைக்கணும்னதும் நான் வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கேன்.

இது நெஜமான்னு பார்க்க மேனேஜர் பத்து மணிக்கு வரார். பொய்னு தெரிஞ்சா பழையபடி முழுத் தவணை. அதையும் வருமானம் இல்லாத நான்தான் கட்டணும்.

எலவனாசூர்கோட்டைக்குக் கல்யாண ஜாக்கெட் குடுக்கப் போறேன். நீங்க சொன்னபடி தையல் மிஷின் மேல பெட்ஷீட் போர்த்தி, முருகர் படம் வெச்சிட்டேன். மேனேஜர் எதிர்ல ஜாஸ்தி கும்பிடாதீங்க, சந்தேகம் வரும்.

காரக்கொழம்பு இருக்கு. சோறு நீங்களே வடிச்சிக்கோங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வூட்டு ராஜாம்பாள் அக்கா கிட்ட குடுங்க.

எழில்மதி

கீழே இடம் இல்லாததால ஓரத்துல எழுதறேன். மேனேஜர் வூட்டம்மா இப்பதான் போன் பண்ணாங்க. கொடியில தொங்கற பச்சை ஜாக்கெட் அவங்களுது. அவர் வரும்போதே வாங்கிக்குவாராம். தையல் கூலி முன்னூத்தம்பது ரூபா வாங்கி வைங்க.