விடை இருக்கும் வரி

பிப்ரவரி 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக இன்றைய ஆங்கிலப் பத்திக்கான கேள்விகளைப் படித்தேன். முகம்கூடக் கழுவவில்லை. மகள் எழுவதற்குள் கேள்விகளைப் பார்த்து வைத்துக்கொண்டால், அவளுக்கு வாசித்துக் காட்டும்போது தடுமாறாமல் போகும். ஆறு மாதமாக இதுதான் வழக்கம். பிறகுதான் தேநீர், பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்று கலங்கரை விளக்கக் காவலாளியைப் பற்றி. நானூறு சொற்கள், ஏழு கேள்விகள். நான் இரண்டு முறை வாசிக்கிறேன், கேள்விகளை வாசிக்கிறேன், அவள் விடை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பிறகு நானே திருத்துகிறேன். இருபதுக்குப் பதினெட்டு.

ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படித்த பெண். இரண்டு வருடத்துக்கு முன் விழித்திரையில் ஏதோ கிழிந்தது. மூன்று அறுவை சிகிச்சை. இப்போது ஜன்னல் எங்கே சுவர் எங்கே என்று மட்டும் தெரிகிறது. இதை எழுதும்போது ஏதாவது தோன்றுமா என்று பார்த்தேன். தோன்றவில்லை. பேனா நன்றாக எழுதுகிறது.

பிப்ரவரி 6

தேனீக்கள். பத்தொன்பது. நாள் முழுக்க மழை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளியிலிருந்து கடிதம். பள்ளி இறுதித் தேர்வில் அவளுக்குக் கேள்வித்தாளை வாசித்து, அவள் சொல்வதை எழுத ஒருவரை அவர்களே நியமிப்பார்களாம். உறவினர் கூடாது. ஒரு மணி நேரம் கூடுதல். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வாசிக்கச் சொல்லலாம். பொருள் சொல்லக் கூடாது. வியாழக்கிழமை ஓர் ஒத்திகை.

ஆங்கிலத்தில் அறுபது வந்தால்தான் அவள் கேட்கும் கல்லூரி. சட்டம் படிக்க வேண்டுமாம். அது ஏழு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறது. நூறில் நாற்பது இந்தப் பத்திகளுக்கு.

அக்கா போனில், "அவளுக்கு நீதானே கண்ணு. முன்னப் பின்ன தெரியாதவங்க படிச்சா பிள்ளை என்ன பண்ணும்?" என்றாள். "உம்" என்றேன். இப்போதெல்லாம் அக்காவிடம் நான் அதிகம் சொல்லும் சொல் அதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

இருபதுக்கு ஏழு.

பள்ளியின் சிறப்பு ஆசிரியை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "வீட்டுல பதினெட்டு, பத்தொன்பதுன்னீங்களே?" குற்றம் சாட்டவில்லை, குழப்பத்தோடுதான் கேட்டார். "வாசிச்சவங்க சரியா வாசிச்சாங்களா?" என்று கேட்டேன். "நான்தான் வாசிச்சேன்" என்றார்.

கணவர் டிப்போ வேலை முடிந்து வந்து, விஷயம் கேட்டு, "ஒரு நாள் சறுக்கும், விடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கும் பசித்தது. சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

இன்று காலை கேள்விகளைப் பார்த்து வைக்க நேரமில்லை. தண்ணீர்க் குழாய் கசிந்து சமையலறை குளமாகிவிட்டது. துடைத்து முடித்து அப்படியே உட்கார்ந்து வாசித்தேன். ஓர் அணையைக் கட்டியவர்களும், அதனால் மூழ்கிப் போன ஊரும். நானே அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறேன்.

ஆறு.

திருத்தி முடித்து எண்ணைச் சொன்னேன். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, நீ எப்பவும் கேள்வியை முன்னாடியே பாத்துடுவியா?"

"ஆமா. தடுமாறாம இருக்கட்டுமேன்னு."

"இன்னைக்குப் பாக்கலையா?"

"இல்ல."

"அதான்."

"என்ன அதான்?"

"விடை இருக்கற வரி வரும்போது நீ ஒரு மூச்சு இழுப்பம்மா. சின்னதா. தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி இழுப்போமே, அந்த மாதிரி. அந்த வரியை மட்டும் மனசுல பிடிச்சு வச்சுக்குவேன். மத்ததெல்லாம் சும்மா காதுல ஓடிட்டு இருக்கும்."

எத்தனை நாளாக என்றேன்.

"ரொம்ப நாளா. ஆரம்பத்துல தெரியாமத்தான் பண்ணேன். அப்புறம் தெரிஞ்சேதான் பண்ணேன்." மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்து, "உனக்கு மார்க் பாத்தா சந்தோஷமா இருந்துச்சு. கெடுக்க வேண்டாம்னு."

சந்தோஷமாக இருந்தேனா? இருந்திருக்கிறேன் போல. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

எழுந்து ஈரத் துணியைப் பிழியப் போனேன். பின்னாலிருந்து சொன்னாள்: "மூணாவது ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் போன் பண்ணாரே. நீ உள்ள வந்து 'ஒண்ணும் இல்லடா, நல்லா ஆயிடும்'னு சொன்ன. அன்னைக்கும் சொல்றதுக்கு முன்னாடி அதே மூச்சு இழுத்த."

துணியைப் பிழிந்தேன். உதறிக் கொடியில் போட்டேன். அது ஏற்கெனவே காய்ந்திருந்த துணிகளின் மேல் விழுந்தது. எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 16

அப்போ பார்வை திரும்பாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எட்டு மாசமா. நான் பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு நின்னதெல்லாம் — எதுக்கு? யாருக்கு? நான் ஒளிச்சு வச்சேன்னு நெனச்சேன். அவ எனக்காக ஒளிச்சு வச்சிருக்கா. பதினேழு வயசுல.

இதற்கு மேல் இன்று எழுத வேண்டாம்.

பிப்ரவரி 20, வியாழன்

நான்கு நாளாக மரம்போல வாசிக்கப் பழகுகிறேன். கேள்விகளைப் பார்ப்பதில்லை. மூச்சை ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் ஒரே மாதிரி எடுக்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் மரம்போலத்தான் இருக்கிறேன். இது ஒன்றில் மட்டும் முடியவில்லை. எனக்கு ஒரு வரி பிடித்துவிட்டால் குரல் தானாக மெதுவாகிவிடுகிறதாம். ஏதோ ஒன்று விடையாக இருக்கும் என்று நானே ஊகித்துவிடுகிறேனாம். ஒன்பது, எட்டு, பன்னிரண்டு, எட்டு.

"உன் குரலைக் கேட்டா எனக்கு இங்கிலீஷ் கேக்கல, நீதான் கேக்கற" என்றாள். "இனிமே நீ வேண்டாம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வேறு அளவு செருப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். சரி என்றேன்.

இந்த வேலைக்காகத்தான் காப்பீட்டு அலுவலகத்தில் பதினேழு வருட வேலையை விட்டேன். கணக்குப் பார்க்கவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் ஆள் வராது. "இங்கிலீஷா? மாத்திரை பேர் படிக்கற இங்கிலீஷ்தாம்மா எனக்கு. உனக்கு ஆட்சேபணை இல்லைன்னா எனக்கென்ன" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

நான் சமையலறையில் இருக்க வேண்டும் என்பது மகளின் உத்தரவு. கதவு திறந்திருந்தது. அண்ணன் பத்தியின் தலைப்புக்கு முன்னால் பக்க எண்ணை வாசித்தார். காற்புள்ளி வந்தால் "கமா" என்றார். ஒரு யானைக் கூட்டம் தண்ணீர் தேடிப் போகும் கதையை, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்கிற குரலில் வாசித்து முடித்தார்.

"மாமா, அந்த யானை செத்துப் போச்சா இல்லையா?"

"தெரியலையேம்மா. எங்கிட்ட வர்றப்போ எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

மகள் சிரித்தாள். நான் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

ஐந்து.

பிப்ரவரி 27

ஏழு.

மார்ச் 2, ஞாயிறு

அவள் ஏதோ வழி கண்டுபிடித்திருக்கிறாள். முதல் முறை முழுதாகக் கேட்கிறாள். இரண்டாம் முறை ஒவ்வொரு பத்திக்கும் ஒரு விரலை மடக்கி, அதில் என்ன இருக்கிறது என்று வாய்க்குள் ஒரு சொல் சொல்லிக்கொள்கிறாள். புயல். உடைந்த படகு. தீவு. பிறகு கேள்வி வந்ததும் அண்ணனை விரட்டுகிறாள்.

"மூணாவது பத்தி மாமா. முதல் வரி வேண்டாம், அடுத்தது. நிறுத்துங்க. அதுக்கு முந்தினது."

"கலெக்டர் மாதிரி அதிகாரம் பண்றாளேம்மா உன் பொண்ணு!" என்று என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாமா, பேசாம வாசிங்க. டைம் போகுது."

பதின்மூன்று.

என்னிடம் ஒருநாளும் இப்படி "நிறுத்து" என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே நான் வைக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். அவரும் அக்காவும் உட்கார்ந்து என் வாழ்க்கையை ஒழுங்கு செய்தார்கள். இடம் கிடைத்தால் நான் மகளோடு போய்விட வேண்டும். கல்லூரியில் உதவிக்கு ஒருவர் கூடத் தங்க அறை தருகிறார்களாம். ஐந்து வருடம். அவருக்குச் சாப்பிட டிப்போ கேன்டீன் இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்.

"நீயே சொல்லும்மா, வேற வழி இருக்கா?" என்றார் அவர். நல்ல மனிதர். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"இதுல கேக்க என்ன இருக்கு, அவ போவா" என்றாள் அக்கா.

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மறுப்பு எதுவும் மனதில் இல்லை. சம்மதமும் இல்லை. மகள் பக்கத்து அறையில் இருந்தாள், எல்லாம் கேட்டிருக்கும்.

மார்ச் 13

பதினாறு. பிறகு பதினொன்று. அண்ணனுக்கு ஜலதோஷம், தும்மலுக்கு நடுவே வாசித்தார்.

மார்ச் 19, புதன். தேர்வு.

பள்ளி வாசலில் நான்கு மணி நேரம். எதிரே ஒரு கட்டிடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாடி முடித்துவிட்டார்கள்.

மற்ற பிள்ளைகள் போன பிறகு, கடைசியாக, கோலைத் தட்டிக்கொண்டு தனியாக வந்தாள். நான் கூப்பிடவில்லை. வாசல்வரை வரட்டும் என்று நின்றேன். வந்து, "இருக்கியாம்மா?" என்றாள்.

"எப்படிப் போச்சு?"

"வாசிச்சவர் டிராயிங் மாஸ்டராம். ரொம்ப வேகம். ஒரு தடவை திரும்ப வாசிங்கன்னேன், பெருமூச்சு விட்டார். அப்புறமும் கேட்டேன். பதினோரு தடவை கேட்டேம்மா."

"திட்டினாரா?"

"திட்டல. பன்னெண்டாவது தடவை அவரே 'மறுபடியா?'ன்னார்."

"பத்தி எதப் பத்தி?"

"சொன்னா நீ விடை சரியா தப்பான்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவ. எனக்கும் கேட்டுடும். வேண்டாம்."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

மார்ச் 24

காலையில் எழுந்து மேஜைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். படிக்கக் கேள்வி எதுவும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அரை மணி அப்படியே இருந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மாலை நடைக்கு அழைத்துப் போனேன். பூங்காவைச் சுற்றி இரண்டாவது சுற்றில் கேட்டேன், இடம் கிடைத்தால் உனக்கு எப்படி வேண்டும் என்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை.

"எதைக் கேக்கற? நீ வர்றதையா?"

"ம்."

நாலைந்து அடி நடந்தாள். கோல் ஒரு பெஞ்சின் காலில் தட்டியது, சுற்றிப் போனாள்.

"நீ வந்தா நல்லாத்தாம்மா இருக்கும். அதான் பயமா இருக்கு."

பிறகு, அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதே என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

மே 8, வியாழன்

ஆங்கிலம் எழுபத்தொன்று.

அவர் டிப்போவிலிருந்து போன் செய்து மூன்று முறை கேட்டார். மருந்துக்கடை அண்ணன் படியேறி வந்து, "எழுபத்தொண்ணுல என் பங்கு எவ்வளவு?" என்றார். "கமா எல்லாம் உங்களுதுதான் மாமா" என்றாள் மகள். அக்கா, "நீ பட்ட பாட்டுக்குப் பலன்" என்று அழுதாள். நான் பட்ட பாட்டில் எழுபத்தொன்று வந்திருக்காது என்று அக்காவுக்கு எப்படிச் சொல்வது.

சாயந்திரம் குளியலறையில் குழாயைத் திறக்காமலே கொஞ்சம் அழுதேன். கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மே 11, ஞாயிறு

கல்லூரி விண்ணப்பம் ஆறு பக்கம். மகள் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஐந்து பக்கம் நிரப்பினேன். இரண்டு இடத்தில் "நிறுத்து, மேல இருந்து வாசி" என்றாள். வாசித்தேன். ஆறாவது பக்கம் பெற்றோருக்கானது. "அது உன்னோடது, நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

அதில் நான்காவது கேள்வி: மாணவியுடன் உதவியாளராகப் பெற்றோர் ஒருவர் தங்குவாரா? இரண்டு கட்டம்.

அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ரயில் டிக்கெட் மூன்றாக எடுக்கலாமா, திரும்ப வரத் தனக்கு மட்டும் ஒன்று போதுமே என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

கூடப் போக வேண்டாம் என்று தோன்றுவது எதனால் என்று எழுதிப் பார்க்கிறேன். அவள் மேல் நம்பிக்கையாலா? சோர்வாலா? அவள் எப்படியும் சமாளிப்பாள் என்பது எனக்கு வசதியான நினைப்பா? முதல் மாதம் வழி தப்புவாள். யாராவது அவசரமாக வாசிப்பார்கள், அவள் பன்னிரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும், பெருமூச்சு விடுவார்கள். நான் பக்கத்தில் இருந்தால் அது நடக்காது. நடக்காமல் நான் பார்த்துக்கொள்வேன். என்னால் வேறு மாதிரி இருக்க முடியாது, பிப்ரவரியில் நான்கு நாள் முயன்று பார்த்தாயிற்று.

பயம் வரட்டும் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். வந்தது. அசல் பயம். அதற்காகவும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். பேனாவில்தான். கீழே கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டிவிட்டேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மகளிடமும்.