நான் பெஷாவர் போகவில்லை

2019 டிசம்பர் 9, திங்கள்

எங்கள் தெருப் பட்டாணி முஸ்லிம் வீட்டு நஸ்ரீன் ஊராட்சித் தலைவருக்கு நிற்கிறாள். நிற்கச் சொன்னவன் நான்தான். அவளே முடிவு செய்துவிட்டு வந்து, "நிக்கட்டுங்களா மாமா?" என்றாள். "நில்லு சாமி" என்றேன். நிற்கச் சொன்னது என்றால் வேறு எப்படியாம்?

புதுச்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பத்து வருடமாகத் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு மனு. ஹைவேயிலேயே திரும்பிவிடும் பஸ் ஊருக்குள் வர வேண்டும், அது ஒன்றுதான் கேட்பது. போன வருடம் பதினொரு பெண்களோடு பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் போகிற இடமெல்லாம் ஐந்நூறு பேர் என்று சொல்லிவருகிறேன். அவர்கள் உட்கார்ந்த தோரணைக்கு ஐந்நூறு தகும்.

ஆறாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு எழுதுகிறேன். மேலே படித்திருந்தால் நாமக்கல் தாங்கியிருக்குமா?

டிசம்பர் 13

மனுத்தாக்கல். முன்மொழிந்தது அடியேன். என் கையெழுத்தை அந்த அதிகாரி இரண்டு தடவை பார்த்தார். அழகு அப்படி.

டிசம்பர் 19

பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. எதிரில் நிற்பது ரைஸ் மில் முருகானந்தத்தின் சம்சாரம் பொன்னாயி.

டிசம்பர் 20

கோயில் முன்னால் முதல் கூட்டம். மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. எண்பத்தேழில் லாரி எடுத்துக்கொண்டு பாகிஸ்தானில் பெஷாவர் வரை போனேன் அல்லவா, அதை எடுத்துவிட்டேன். நஸ்ரீனின் வம்சத்து ஆட்கள் நாற்பது பேர் குதிரையில் வந்து, "எங்க பிள்ளைங்களை உங்க ஊர்ல பாத்துக்கங்க" என்று என் கையைப் பிடித்ததையும் சொன்னேன். குதிரை இன்றைக்குத்தான் சேர்த்தது. என்ன கைதட்டல்!

டிசம்பர் 21

பால்காரர்கூட நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

டிசம்பர் 22

என் வாயில் மண்ணைப் போட.

யாரோ என் பேச்சைப் படம் பிடித்திருக்கிறார்கள். அதில் வேண்டியதை மட்டும் வெட்டி, 'பாகிஸ்தானில் சொந்தம், அவள் ஆளே ஒத்துக்கொண்டார்' என்று போட்டு ஊர் முழுக்க வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். மேற்கே காலனியில் நஸ்ரீனைக் கண்டதும் கதவைச் சாத்தினார்களாம். பத்து வருடம் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த கை!

சாயந்திரம் வந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மாமா, நெசமாவே பெஷாவர் போனீங்களா?"

"போனேன்னு வெச்சுக்கோ சாமி."

"வெச்சுக்க முடியாதுங்க மாமா. வெச்சா நான் தோத்துருவேன். மைக்குல சொன்னதை மைக்குலயே இல்லைன்னு சொல்லுங்க."

எப்படிச் சொல்வது?

டிசம்பர் 23

முப்பத்திரண்டு வருடக் கதை. சம்பந்தி வீட்டில் என் மரியாதையே அதில்தான் நிற்கிறது. பேரன் பள்ளிக்கூடத்தில் 'என் தாத்தா' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறான் – பெஷாவர் பற்றித்தான். அதை இல்லை என்றால் நான் யார்? ஜவ்வரிசி மூட்டை ஏற்றிப்போன டிரைவர் கைலாசம், அவ்வளவுதானே.

சோறு இறங்கவில்லை. "என்னங்க, பேதியா?" என்கிறாள் என் சம்சாரம் ஆராயி.

டிசம்பர் 24

சொல்லிவிட்டேன்.

அதே கோயில் முன்னால் அதே மைக்கைப் பிடித்தேன். "ஏனுங்க, எல்லாரும் கேளுங்க. நான் பெஷாவர் போகலீங்க. அமிர்தசரஸ்ல ஜவ்வரிசி எறக்கிட்டு, அட்டாரி பார்டர்ல கொடி எறக்கறதப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். குதிரையெல்லாம் பொய்யுங்க. என்னைத் தேடி வந்தது ஒரு டீக்கடைக்காரன், அதும் டம்ளரைத் திருப்பி வாங்கறதுக்கு."

அப்போது என் பழைய கிளீனர் மாரியப்பன் எழுந்தான். "ஏண்ணா, நேசனல் பர்மிட்டுல பெஷாவர் போக முடியாதுன்னு வண்டியில கூட இருந்த எனக்குத் தெரியாதா? கத நல்லா இருக்குதேன்னு கேட்டுட்டு இருந்தோம்!"

சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. பொம்பளைகள் பக்கமிருந்து என் சம்சாரம்: "கெளம்பிப் போன பதினேழாம் நாளே ஊட்டுல வந்து நின்னாரு. அன்னைக்கே தெரியும்!"

அடிப்பாவி. முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு "அப்புறம்?" என்றாளே!

நஸ்ரீன் மைக்கை வாங்கினாள். "எங்க முப்பாட்டன் கம்பளி விக்க வந்த பட்டாணிதானுங்க. பெஷாவர் பக்கம்னு சொல்லுவாங்க. அதுல மறைக்க என்ன இருக்குது? நான் பொறந்தது ராசிபுரம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. மாமா பெஷாவருக்கே வண்டி உட்டாரு. நான் நம்மூருக்கு ஒரு பஸ்ஸு உடறேன், அது போதுமுங்களா?"

இந்தத் தடவை வந்த கைதட்டல் எனக்கு வந்ததைவிடப் பெரியது. எழுதிவைக்கிறேன், வெளியில் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 27

ஓட்டுப் போட்டாயிற்று. காலனி ஜனங்கள் காலையிலேயே வந்து வரிசையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒரு கிழவி, "குதிரை எங்கீங்க கட்டியிருக்கறீங்க?" என்றாள்.

2020 ஜனவரி 3

ஜெயித்துவிட்டாள்! நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசம். முருகானந்தமே வந்து சால்வை போட்டார். நஸ்ரீனின் அம்மா தெரு முழுக்கப் பிரியாணி கொடுத்தார். நான் மூன்று தடவை வாங்கினேன், இரண்டு ஆராயிக்கு என்று சொல்லி.

பிப்ரவரி 10

பஸ் திரும்ப இடமில்லை என்று டிப்போவில் கை விரித்தார்களாம். தலைவரம்மா நாடாவை எடுத்துக்கொண்டு தெருவை அளக்கக் கிளம்பிவிட்டாள். முப்பத்தோரு வீட்டு ஆக்கிரமிப்பு. முதல் நோட்டீஸ் எனக்கு! வாசலில் நான் இறக்கியிருந்த தகரக் கொட்டகை மூன்றரை அடி ரோட்டில் இருக்கிறதாம்.

"என்ன சாமி, மாமனுக்கேவா?"

"உங்களுக்கு மொதல்ல குடுத்தாத்தானுங்க மாமா மத்தவங்க வாங்குவாங்க."

அவள் தலைவராகிப் போட்ட முதல் நோட்டீசில் என் பெயர். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 12

தகரத்தை நானே ஏறிக் கழற்றினேன். மற்ற முப்பது பேரும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

காலை ஏழே கால். பஸ் ஊருக்குள் வந்தது. வாழைமரம், மாலை, பட்டாசு. முன் சீட்டில் காலனிக் கிழவிகள் மூன்று பேர் ராணி மாதிரி. நஸ்ரீன் படியில் நின்று அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

என் வீட்டு முனையில் டிரைவர் ஒரே வளைவில் திருப்பினார். "நல்லா எடம் இருக்குதுங்களே. யாரு உட்டுக்குடுத்தது?"

"நானுங்க" என்று முன்னால் போனேன். மூன்றரை அடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அரை ஏக்கருங்க" என்று வந்துவிட்டது.