கூவுகொம்பில் ககரம் பேசிய வழக்கு

பனி சூழ் ஏழு குன்றுகளுக்கும் உரிய செங்குவட்டு அரசியார் நல்லினியார், மேலைக்குன்றக் காவல் தளபதி வேழக்கண்ணருக்கு விடுக்கும் ஓலை. உமது குன்றில் தினை செழிக்க, தேன் பெருக, காவலர் நலம் பெறுக. இதனை வழக்கம்போல் மன்றில் உரக்கப் படிக்கலாகாது. தனித்திருந்து, விரைந்து படிக்க.

ஒரு முழத்துக்கு மேற்படாத கூவுகொம்பை எவரும் அரச முத்திரையின்றி வைத்துக்கொள்ளலாம், குன்றுவிட்டுக் குன்று பேசலாம். ஆயின் பேசுவது கேட்போர் எவர்க்கும் விளங்க வேண்டும், மறைமொழி படைக்கொம்புக்கே உரியது என்பது நாட்டின் விதி. அதை மீறிக் கீழைக்குன்றத்து வெள்ளச்சி, உமது குன்றில் தினைக்காவல் புரியும் தன் கணவன் பூசனுக்கு, ககரம் கலந்து "கநாள் கதள்களிப் கபோச்கசு" என்று கூவினாள் என எழுதினீர். ககரங்களைக் களைந்து, பகைவர் படையெடுக்கும் நாள் தள்ளிப்போயிற்று எனத் தெளிந்தீராம். "மூணு மாசம் மூச்சு விடாதே" என்று அவள் சேர்த்துச் சொன்னதே சான்றாம். பூசனை மூன்றாம் நாள் அந்தியில் நாடு கடத்துவீராம். அந்த மூன்றாம் நாள் இன்று.

உமது ஓலை கேட்டு அமைச்சர்கள் வாளைத் தொட்டனர். அரசியார் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணவனுக்காக முறையிட வந்து வாயிலில் நின்ற வெள்ளச்சியை அழைத்தார். அவையில் வாய் திறவாதவள், ஆடவர் வெளியேறியபின் சொன்னது சொன்னபடியே எழுதப்படுகிறது:

"கொம்பைத் தூக்குனா நாலு குன்றும் காது குடுக்குது, தாயே. ரெண்டு தரம் பச்சையாச் சொன்னேன். 'பொண்ணா பையனாடி'ன்னு ஊரே கூவி, தாலாட்டும் பாடிச்சு. ரெண்டும் தங்கல. இந்தத் தரமும் எல்லார் காதுலயும் எப்படிப் போடுவேன்? அவருகிட்டச் சொல்லாமயும் இருக்க முடியல."

மணம் முடியாத தளபதியாரே, நாள் தள்ளிப்போவது உமக்குப் போர்ச்செய்தியாகத் தோன்றியதை அரசியார் பொறுத்தருளினார்.

ஆயினும் விதி விதியே. இன்று மனைவி ஒளித்த மொழியில் நாளை ஒற்றன் ஒளிவான். ஆகவே வெள்ளச்சியின் கொம்பு பறிக்கப்பட்டது. பூசன் குற்றமற்றவன் என்று மட்டும் மன்றில் அறிவிக்க. காரணம் கேட்பாருக்கு அரசியாரின் ஆணை என்க. இவ்வோலை கண்ட கணமே அவனை விடுவித்து, உமது குதிரையையே கொடுத்து, கீழைக்குன்றக் காவலுக்கு மாற்றுக. ஒரே கூரையின் கீழ் அவர்கள் எம்மொழியில் பேசினும் அரசு காது கொடாது.

ஏழு குன்ற முத்திரை பொறித்தோம். அந்திக்கு முன் நிறைவேறுக.