கிரேக்கருக்குக் கருவாட்டால் சொன்ன பதில்

வெள்ளிக்கிழமை, பேசாலை

இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

போன கிழமை அக்காவின் மகள் ஸ்டெல்லா தான் படிக்கிற பல்கலைக்கழக வளாகத்துக்குத் தத்துவக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர்தான் என்றாராம் தேலிஸ் என்ற ஆதிக் கிரேக்கர். அதை மறுக்க ஒரு நியாயம் வேண்டுமாம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் மூளை நிற்கவில்லை.

"அவற்ற சீடனே மறுத்தவன், பிள்ளை. பாரை மீனைக் காயவைச்சுக் காட்டினவன். தண்ணி முழுக்கப் போயும் கருவாடு மிஞ்சிச்சு. குருவே தோல்வியை ஒத்துக்கொண்டவர்."

"எந்தப் புத்தகத்தில மாமா?"

"பழைய சுவாமியாரிட்ட இருந்தது."

அவள் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். அந்தச் சீடன் என் வாயில் பிறந்தவன். பிள்ளை என்னால் கட்டுரையில் தவறினால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"தேடிப் பாத்தனான் மாமா. மீன் காயவைச்ச சீடன் எண்டு ஒருத்தன் உலகத்திலயே இல்லை. அந்தச் சீடன்ர கதையை வெட்டிப்போட்டு, எங்கட மாமாவின்ர நியாயம் எண்டு எழுதினனான்."

"பிறகு?"

"நல்ல புள்ளி. ஆனா கருவாட்டில இருக்கிற உப்பு எங்கயிருந்து வந்தது எண்டு மாமாவிட்டக் கேக்கட்டாம், பேராசிரியர்."

உப்பும் கடல் தண்ணீரில் இருந்துதானே வருகிறது. அந்தக் கிரேக்கர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

வளாகத்துப் பேராசிரியர் ஒருவர் தத்துவத்தில் என்னிடம் கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார் என்று நாளைக்குக் கரையில் மீன்வாடி ஆட்களிடம் சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.