மெர்சி மறுத்த ஜெபம்

ஞாயிறு, இரவு.

இன்று எனக்கு அறுபது வயது முடிந்தது. ஆராதனைக்குப் பிறகு பாஸ்டர் என்னை முன்னால் அழைத்து, இத்தனை வருடம் பெண்கள் ஜெபக்குழுவை நடத்தியதற்காகச் சால்வை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். போன மாதம் கணவரை அடக்கம் செய்த மெர்சி மட்டும் தலை குனிந்திருந்தாள். அவர் பிழைக்க வேண்டுமென்று குழுவே உபவாசம் இருந்தது. நான்தான் முன்நின்று ஜெபித்தேன்.

மதியம் கொஞ்சம் கேக் எடுத்துக்கொண்டு கணபதி பகுதியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல் அவள் தலையில் கை வைக்கப் போனபோது, மெதுவாக விலக்கினாள்.

"ஜெபம் வேண்டாங்கக்கா. கோவிச்சுக்காதீங்க. சும்மா உக்காந்துட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உரித்தேன். வாய் பழக்கத்தில் "கர்த்தாவே" என்று தொடங்கியது, அடக்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அது வேண்டாம் என்றால் நான் எதற்கு?

கடைசி வெங்காயத்தை உரித்தபடி அவளே பேசினாள்.

"காலைல அவருக்கும் சேத்துக் காபி வெச்சுப்போட்டேனுங்கக்கா."

சொல்லிவிட்டு என் மடியில் முகம் புதைத்து அழுதாள். எந்த வசனமும் சொல்லாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "நாளைக்கும் வாங்கக்கா" என்றாள்.

சற்று முன் முழங்காலிட்டேன். ஸ்தோத்திரம் ஒன்றும் வரவில்லை. அவள் கணவரை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று மட்டும் கேட்டேன். இத்தனை வருடத்தில் கர்த்தரிடம் நான் இப்படிக் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வியோடு விளக்கை அணைக்க மனம் வரவில்லை.