முள் நகரவில்லை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் ரயில் டிக்கெட்டும் போன மாதமே வந்து சேர்ந்தன, பதில் எழுத இன்றுதான் முடிந்தது. நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது, தொண்டை மட்டும் இரண்டு நாளாகக் கட்டியிருக்கிறது. பாப்பாவுக்கு இருமல் நின்றதா? மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் சிரப்பை எல்லாம் வாங்கி ஊற்றாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவள் வேண்டாம் என்று அழுதால் நீங்களும் சேர்ந்து தயங்கி நிற்பீர்கள், எனக்குத் தெரியும்.

டிக்கெட் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுதினால் நீங்கள் பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவீர்கள். இருபதாம் தேதி நான் வரவில்லை. இது மூன்றாவது தடவை என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, நானே எண்ணி வைத்திருக்கிறேன். ஏன் என்பதை மட்டும் முழுதாகப் படியுங்கள்.

உங்கள் மில்லில் யாரோ கேட்டதற்கு, என் மனைவி கிராமத்து ஜனங்களுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுக்கிறாள் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நன்றாகச் சொன்னீர்கள் போங்கள். இனி யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும் ஊர்களில், ஊருக்கு ஒருவரைப் பொறுக்கி எடுத்து, மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, அந்த ஒரு மணி நேரம் ஓர் உயிரை எப்படிப் பிடித்து வைப்பது என்று சொல்லித் தருகிறாள். அதுவும் தானியக் கிடங்குக்குப் பின்னால், மின்விசிறி சுற்றுகிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு கூடத்தில்.

அங்கே எங்களிடம் ஒரு பொம்மை இருக்கிறது, ஆள் உயரத்தில். நெஞ்சை அமுக்க, மூச்சுக் கொடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பன்னிரண்டு பேர் சுற்றி நின்று கவனிக்கிறோம், அது ஒரு விரலைக் கூட அசைக்காமல் படுத்திருக்கிறது. அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். உங்களைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் வைத்தது போன பேட்ச் தையல்காரம்மா. என் வயதுதான் இருக்கும், ஒருவேளை ஒரு வயது மூப்பு. இத்தனை பேட்ச்சில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. அளவு தப்பாது, வரிசை தப்பாது. கையுறை, மூச்சு, நாடி, முகமூடி என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டேன். அந்த இரண்டைக் குறைத்தது கூட கண் பட்டுவிடக் கூடாதே என்றுதான்.

சென்ற மாத முதல் வாரத்தில் அவர் ஊரில், ஓய்வுபெற்ற பள்ளிக்கூடக் காவலாளி ஒருவருக்குக் காலையில் மூச்சுத் திணறல். அந்த ஊர் ஆம்புலன்ஸ் வேன் போயிருக்கிறது. தையல்காரம்மா ஏறி, அவரைச் சாய்த்து உட்கார வைத்து, ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட வரிசையில் செய்திருக்கிறார். விரலில் மாட்டும் கருவியில் எண் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. நோய் முற்றுகிறது என்று நினைத்து, டிரைவரை விரட்டி, நெற்றியைத் துடைத்து, பேச்சுக் கொடுத்தபடியே போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியின் உயிர் போய்விட்டது. பின்னால் வந்து சேர்ந்த அவர் மனைவி தையல்காரம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, கூடப் பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டாயே என்று அழுதாராம்.

திரும்பி வந்து வேனைக் கழுவும்போதுதான் தையல்காரம்மா சிலிண்டரைப் பார்த்திருக்கிறார். அழுத்தம் காட்டும் முள் காலையில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. ஒரு மயிரிழை கூட நகரவில்லை. அவர் ஆக்சிஜனைத் திறக்கவே இல்லை.

வேனுக்குள் கூட யாரும் இல்லை, யாருக்கும் தெரியாது. டிரைவர் முன்னால் இருந்தவர், எஞ்சின் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? சொல்லாமல் விட்டிருக்கலாம். தையல்காரம்மா வேன் பதிவேட்டில் தன் கையால் எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் பதறிப்போய், எப்படிம்மா, உங்களைப் போய் இப்படி நினைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் அழவில்லை. “நீங்க சொல்லிக் குடுத்தபடியேதான் சொன்னேன் டீச்சர். திறந்தாச்சுன்னு சத்தமா சொன்னேன். கைதான் போகல,” என்றார்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. உங்களுக்கு விளங்காது, சொல்கிறேன்.

பயிற்சிக்கென்று எங்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு சிலிண்டர். தீர்ந்தால் நிரப்பி வரப் பத்து நாள் ஆகும். முதல் பேட்ச்சில் ஆளாளுக்குத் திறந்து மூடி ஒரே வாரத்தில் காலி. இரண்டாவது பேட்ச்சிலிருந்து நான் ஒரு வழி செய்தேன். முதல் நாள் நான் திறந்து காட்டுவேன், அவர்கள் பார்ப்பார்கள். அதன் பிறகு முகமூடியை மாப்பிள்ளையின் முகத்தில் வைத்து, சிலிண்டர் பக்கம் கையை நீட்டி, “ஆக்சிஜன் திறந்தாச்சு” என்று சொன்னால் போதும். சொன்னால் மதிப்பெண். யாராவது ஆர்வக்கோளாறில் குமிழைத் திருகினால் நான் கத்துவேன். நம்முடைய அடுப்பு கேஸுக்குக் கத்துவேனே, அதே குரலில். மூன்று மாதம், தினமும், திறக்காமல் இருக்கத்தான் நான் அவர்களுடைய கையைப் பழக்கியிருக்கிறேன்.

திறந்திருந்தால் காவலாளி பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

பயிற்சிப் பிரிவு அதிகாரி ஒரு தட்டச்சுத் தாளை அனுப்பினார். ஆக்சிஜன் கொடுக்கும் முறை சரியாகக் கற்பிக்கப்பட்டது, நடந்தது பயிற்சி பெற்றவரின் கவனக்குறைவு என்று இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டால் தையல்காரம்மாவின் சான்றிதழ் ரத்தாகும், விஷயம் முடிந்துவிடும். அதிகாரி கெட்டவர் இல்லை, எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்: “இது உங்க பக்கம் திரும்பினா எல்லாருடைய சர்டிபிகேட்டும் கேள்விக்குள்ள வந்துடும். ஒருத்தரோட போகட்டும்மா.”

உங்களிடம் மறைப்பதற்கில்லை, நான் பேனாவைத் திறந்துவிட்டேன். எதிரே மேஜையில் நீங்கள் அனுப்பிய டிக்கெட் இருந்தது. போட்டிருந்தால் இருபதாம் தேதி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவ்வளவு அலுத்துப்போயிருந்தது. யார் தலையிலாவது போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

பிறகு பதிவேட்டை எடுத்து எண்ணினேன். இரண்டாவது பேட்ச்சிலிருந்து ஏழு பேட்ச், எண்பத்தொரு பேர். எண்பத்தொரு ஊரில் இன்றைக்கும் எண்பத்தொரு பேர் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் சொல்லக் காத்திருக்கிறார்கள். அந்தத் தாளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது என்று கையால் எழுதி இன்னொன்று வைத்தேன். விசாரணை எப்போது வரும், வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு, அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள் வேன் தருவதாகச் சொன்னார்.

எல்லோருக்கும் அன்றே போன் செய்து, கையால் திறந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சரிங்க டீச்சர் என்றார்கள். மூன்று வாரமாக நேரிலும் போய்க்கொண்டிருக்கிறேன். பொம்மையைப் படுக்க வைத்து, முதலிலிருந்து செய்து காட்டுங்கள் என்பேன். இதுவரை பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர், போனில் அத்தனை சொல்லியும், திறந்தாச்சு என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். நான்கு பேர் தயங்கித் தயங்கித் திறந்தார்கள். ஒருவர் மட்டும் பட்டென்று திருகினார். பழைய வெல்டர், சிலிண்டரைத் திறக்காவிட்டால் அவருக்குக் கை அரிக்குமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மற்றவர்களை இருபது தடவை, முப்பது தடவை திறந்து மூட வைக்கிறேன். சிலிண்டர் தீரட்டும். இந்தக் கணக்கில் இன்னும் பதினைந்து வாரமாவது ஆகும்.

தையல்காரம்மாவும் கூட வருகிறார். நான் கூப்பிடவில்லை. முதல் நாள் காலையில் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒவ்வொரு ஊரிலும், பயிற்சி முடிந்ததும், தான் செய்ததை அவரே எதிரே உட்கார்ந்து சொல்கிறார். கூட்டிக் குறைத்துச் சொல்வதில்லை. நான் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எத்தனை தடவை கேட்டாலும் என்னால் உட்கார முடிவதில்லை. காவலாளியின் மனைவியிடமும் முதலில் அவர்தான் போய்ச் சொன்னார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாராம். மறுநாள் நான் போனேன். கதவைத் திறக்கவில்லை. படியில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் தனியாகச் சமைத்து, துவைத்து, பாப்பாவுக்குத் தலை பின்னி மில்லுக்கு ஓடுவது எனக்குத் தெரியும். அலுப்பு எனக்கு மட்டும் இல்லை. என் மேல் கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா எப்போது வருவாள் என்று பாப்பா கேட்பாள். அடுத்த மாதம், லீவுக்கு, சீக்கிரம் என்று எதையும் என் சார்பில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு தடவை நானே என் வாயால் அவளிடம் சொல்லி, அவள் வாசலில் நின்றாயிற்று. இனி நான் வந்து அவள் முன்னால் நின்ற பிறகு, வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அதுவரை அவள் இருமாமல் தூங்க வேண்டும், நீங்கள் வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

உங்கள் இருவர் நினைவிலேயே இருக்கும்,
பாப்பாவின் அம்மா