பைற்ஸ் பொரிக்காத சனிக்கிழமைகள்

ஜனவரி 12, ஞாயிறு

குளிர்க்கோட்டிலும் கணவாய் மணக்கிறது. நேற்றுப் பின்னேரம் முழுக்க அடுப்படியில் நின்றதற்குக் கிடைத்த சன்மானம். பேஸ்மென்றில் வழமையான சனிக்கிழமைக் குடிக் கூட்டம்: என் கணவர் பிருந்தன், அவருடைய அண்ணை அருமைராசா, இன்னும் மூன்று சிநேகிதர்கள். நான் மேலே பொரிக்க, பிருந்தன் படியேறி வந்து தட்டை வாங்கிக்கொண்டு இறங்க, கீழே "ஆ, பைற்ஸ் வந்திட்டுது!" என்று ஒரு ஆரவாரம். கணவாய்ப் பிரட்டல், ஈரல் பொரியல், மிளகு தூவிய அவித்த முட்டை.

போன கிழமைதான் டொக்டர் பிருந்தனின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். ஈரல் பழுதாகத் தொடங்கிவிட்டது. இப்போது நிறுத்தினால் தேறும், இல்லாவிட்டால் தேறாது. இனி ஒரு சொட்டும் கூடாது. இவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். நேற்று அண்ணை ஊற்றினார், இவர் குடித்தார். அவருடைய ஈரலை நினைத்து அழுதுகொண்டே நான் ஆட்டீரல் பொரித்தேன். என்னை எந்தக் கணக்கில் சேர்க்கிறது?

ஜனவரி 14, செவ்வாய்

நான் வேலை செய்யும் நூலகத்தில் மார்ச் மாதக் கண்காட்சிக்கு ஒரு பேச்சு வேண்டுமாம். தலைப்பு: ரஷ்யர்களும் வோட்காவும். ஊழியர் கூட்டத்தில் பொறுப்பாளர் செலீன் சிரித்துக்கொண்டே என் பக்கத்திலிருந்த ரயீசாவைப் பார்த்தாள். ரயீசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரஷ்யாவில் பிறந்தேன் என்பதற்காக வோட்காவைப் பற்றி நான்தான் பேச வேண்டுமோ? இந்த நகரத்தில் எவன் கைகொடுத்தாலும் முதல் பகிடி அதுதான். நான் வாயில் வைத்ததே இல்லை."

நான் பேசுகிறேன் என்று கையை உயர்த்திவிட்டேன். குடியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்தானே.

ஜனவரி 17, வெள்ளி

புத்தகங்கள் குவிந்துவிட்டன. நானூறு, ஐந்நூறு வருசத்துக்கு முந்தியே ரஷ்யாவில் சாராயக் கடையை அரசன் தன் கைக்குள் எடுத்துவிட்டான். அதற்குமுன் சனங்கள் சாப்பாட்டோடு குடித்தார்கள்; அரசனின் கடையில் சாப்பாடு இல்லை, குடி மட்டும்தான். வருமானம் குறையக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வேறு: குடிக்கிறவனைக் கடையிலிருந்து விரட்டக்கூடாது. புருஷனைக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்ற பெண் என்ன செய்திருப்பாள்? அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். படியின் மேல்தட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாள்.

ஜனவரி 19, ஞாயிறு

நேற்று அண்ணை மேலே தண்ணீர் எடுக்க வந்தவர் மேசையில் புத்தகத்தைக் கண்டுவிட்டார். "என்ன பிள்ளை, ரஷ்யனைப் பற்றிப் படிக்கிறியோ? அவங்களுக்கு ரத்தத்திலேயே வோட்காதான். திருத்தேலாத சனம்." சொல்லும்போது கையில் கிளாஸ். கண் ரெண்டும் சிவந்து செவ்வரத்தம் பூ.

"அப்ப நீங்கள் அண்ணை?"

"நாங்கள் பட்ட பாட்டுக்கு இது மருந்து."

போர், குளிர், அலுப்பு, இழப்பு. ரஷ்யர்கள் சொன்ன காரணங்களும் இவைதான். முன்னரங்கில் நின்ற சிப்பாய்க்கு அரசாங்கமே நாளுக்கு நூறு கிராம் வோட்கா அளந்து கொடுத்திருக்கிறது. அவன் குடித்தால் ரத்தம், நாங்கள் குடித்தால் மருந்து. நல்ல நியாயம்!

ஜனவரி 23, வியாழன்

மதியச் சாப்பாட்டில் ரயீசா ஊறின வெள்ளரிக்காய் தந்தாள். ஒரு கதையும் தந்தாள். வோட்காவோடு கடிக்கும் சின்னத் தீனிகளுக்கு அவர்களிடம் ஒரு பெயர் உண்டு: சக்குஸ்கா. உப்பில் ஊறிய மீன், காளான், வெள்ளரி, கறுப்புப் பாண். எங்கள் பைற்ஸ் அச்சொட்டாக அதே! அவளுடைய தாய் கோடை முழுக்கப் போத்தல் போத்தலாக ஊறப்போடுவாளாம். குளிர் முழுக்க அதைத் தகப்பனும் கூட்டாளிகளும் முடிப்பார்களாம்.

"சக்குஸ்கா இல்லாமல் குடிக்கிறவனைக் குடிகாரன் என்பார்கள். சக்குஸ்காவோடு குடித்தால் விருந்தாளி என்பார்கள். என் அப்பாவைச் சாகும்வரை விருந்தாளியாய் வைத்திருந்தது அம்மாவின் கைதான்."

கையிலிருந்த வெள்ளரிக்காயை என்னால் முடிக்க முடியவில்லை. என்ரை தட்டு இல்லாட்டி கீழ இருக்கிறது என்ன கூட்டம்? ஐஞ்சு குடிகாரர். அதை விருந்தாக்கிறது நான். நான்தான்!

ஜனவரி 30, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். 1858, 59. ஊர் ஊராகக் குடியானவர்கள் கூடிச் சத்தியம் செய்தார்கள், இனி வோட்கா தொடமாட்டோம் என்று. விலையும் ஏறி, சரக்கும் கலப்படம். சத்தியம் மீறினவனுக்கு ஊரே தண்டனை கொடுத்தது. அரசனிடம் கடைகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் விலையைக் குறைத்துப் பார்த்தார்கள், பிறகு சும்மாவே ஊற்றிப் பார்த்தார்கள். சனம் அசையவில்லை. கஜானா ஆட்டம் கண்டது. கடைகளை உடைக்கும் அளவுக்குப் போனதும் பட்டாளம் வந்தது. சவுக்கடி, சைபீரியா.

குடிச்சதுக்கு அடி விழுந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. குடிக்கமாட்டேன் என்றதுக்கு அடி வாங்கின சனத்தை எங்கே காண்பது? அந்தச் சனத்தைத்தான் "ரத்தத்திலேயே வோட்கா" என்கிறார் அண்ணை.

பெப்ரவரி 1, சனி

இன்று பொரிக்கவில்லை.

பெப்ரவரி 2, ஞாயிறு

நேற்று ஆறு மணிக்குப் பிருந்தன் வந்து வெறும் அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெறுங்கையோடு இறங்கினார். பத்து நிமிடத்தில் அண்ணை ஏறி வந்தார். "பிள்ளை, சுகமில்லையோ?"

"நல்ல சுகம் அண்ணை. பைற்ஸ் இனி இல்லை. டொக்டர் இவருக்குக் குடிக்கக்கூடாதெண்டு சொல்லியிருக்கிறார். நான் குடிக்குத் தட்டு ஏந்தமாட்டன்."

கீழே போய்க் கடையில் டெவில் கோழிக்கு ஓடர் கொடுத்தார்கள். பிருந்தனுக்குக் கோபம், என் மானம் போச்சு என்று. போகட்டும். ஈரல் போறதிலும் பார்க்க மானம் போறது சுகம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நேற்று அண்ணை கையில் அலுமினியத் தட்டோடு வந்து இறங்கினார். சிவநேசம் அக்கா, அவருடைய மனைவி, மீன் கட்லற் சுட்டு அனுப்பியிருக்கிறா. மேலே ஈரத் துணி போட்டு மூடி, சூடு ஆறாமல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டைப் பனிக்குள் எறிந்திருப்பேன்.

யோசித்தால் பிழை என்னுடையதுதான். அந்தக் குடியானவர்கள் ஊராய்க் கூடி மறுத்தார்கள். நான் தனி ஆளாய் அடுப்பை அணைத்துவிட்டு வீரம் கதைக்கிறேன்.

பெப்ரவரி 12, புதன்

போத்தல் இரண்டை அடுப்படிச் சிங்கில் ஊற்றினேன். பிருந்தன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போய் இரண்டு வாங்கி வந்தார். இங்கேயும் போத்தல் விற்கிறது அரசாங்கக் கடைதானே, பனி கொட்டினாலும் திறந்திருக்கும்.

ரயீசாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எண்பத்தைந்தில் அவர்கள் அரசாங்கமும் இதைத்தான் செய்ததாம். கடைகளைப் பூட்டி, திராட்சைத் தோட்டங்களையே வெட்டிச் சாய்த்தது. சனம் வீட்டில் காய்ச்சத் தொடங்க, கடைகளில் சீனி மறைந்தது. அவளுடைய தகப்பன் ஓடிக்கொலோன் குடித்தார். "சாம்பவி, மேலேயிருந்து பூட்டுப் போடாதே. என் அம்மா ஒருநாளாவது ஊறப்போடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றுதான் நான் இன்னும் யோசிக்கிறேன்."

பெப்ரவரி 16, ஞாயிறு

இல்-பிசாரில் இருக்கும் அண்ணை வீட்டுக்குப் போனேன். பஸ்ஸுக்கு நின்று கால் விறைத்துவிட்டது. சிவநேசம் அக்கா கதவைத் திறந்ததும், "கட்லற்றுக்குச் சண்டை பிடிக்க வந்தனியோ?" என்று கேட்டா.

"ஓம்."

தேத்தண்ணி வந்தது. பிறகு அவ சொன்னது நியாயமாகவும் இருந்தது: "வெறும் வயித்தில குடிச்சா இன்னும் கெதியா அழியும் பிள்ளை. குடியை நிப்பாட்டேலாது. வயித்தையாவது நிரப்புவம் எண்டுதான்."

அந்தப் பெரிய வீட்டைப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் என்ன சாப்பிடுவீங்கள் அக்கா என்று கேட்டேன். "பாணும் சம்பலும். ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது?" அவருக்குத் தட்டு நிறையக் கட்லற், இவவுக்குப் பாண்!

அங்கேயே முடிவெடுத்தோம். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சோறு கறி சமைத்து மேலே மேசையில் வைப்போம். பசிக்கிறவர் ஏறி வந்து இருந்து சாப்பிடலாம். கீழே ஒரு தட்டும் இறங்காது. மற்ற மூன்று சிநேகிதர்களின் வீட்டுக்காரிகளையும் அக்காவே ஃபோனில் பிடித்தா. இரண்டு பேர் உடனே ஓம் என்றார்கள். ஒருத்தி அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்டுச் சொல்லட்டும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

நேற்று முருங்கைக்காய்க் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. நான்கு பெண்கள், மேசை நிறையச் சிரிப்பு. கீழே மூலைக்கடைத் தெப்பனரில் வாங்கின சிப்ஸ் பைகள் கரகரத்தன.

அண்ணை பாதிப் படியில் நின்று, "ஆம்பிளையளை அவமானப்படுத்திறியளோ?" என்று கத்தினார். சிவநேசம் அக்கா திரும்பிப் பார்க்காமல், "சோறு கிடக்கு. வந்து இருங்கோ" என்றா. அவர் இறங்கிப் போனார். அக்கா இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டா.

மார்ச் 2, ஞாயிறு

சண்டை. பெரிய சண்டை. ஏன் குடிக்கிறீங்கள், விருப்பமோ என்று கேட்டேன். விருப்பமில்லையாம்! பிருந்தன் சொன்னார்: "என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது அண்ணை. எனக்காக இரவு பகலா ரெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவினவர். அவர் ஊத்திறதை நான் எப்பிடி வேண்டாம் எண்டுறது?"

இதுதானா? இவ்வளவு நாளும் நான் போத்தலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அங்கே இருந்தது அண்ணையின் கை. ரஷ்ய மேசையிலும் ஒரு கேள்வி உண்டு என்று ரயீசா சொல்லியிருக்கிறாள். மறுக்கிறவனைப் பார்த்து, "என்னை மதிக்கிறாயா இல்லையா?" என்பார்களாம். அதற்கு ஒரே பதில் கிளாஸைக் காலியாக்குவது. எத்தனை பேரை விழுத்தியிருக்கும் அந்தக் கேள்வி! மரியாதைக்குச் சாகச் சொல்லி எந்த அண்ணன் கேட்பான்? இவருடைய அண்ணையும் அப்படிக் கேட்கவில்லை. ஊற்றுகிறார், அவ்வளவுதான். அவருக்கு அன்பு காட்ட வேறு வழி தெரியாது.

அவரிலும் எனக்குப் பாவமாய்த்தான் இருக்கிறது. அதற்காக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 8, சனி

பேச்சு முடிந்தது. கரடியும் வோட்காவும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். இது குடித்தவர்களின் கதை மட்டுமில்லை, மறுத்தவர்களின் கதையும் என்றுதான் தொடங்கினேன். அரசனின் கடை, சத்தியம் செய்த ஊர்கள், சவுக்கு, நூறு கிராம், வெட்டின திராட்சை. ஊறுகாய் போட்ட பெண்களுக்கு வந்தபோது முன்வரிசையில் ரயீசா மூக்கைச் சிந்தினாள்.

முடிவில் ஒரு கிழவர் எழும்பினார். "எல்லாம் சரி மதாம். கடைசியில் தோற்றுத்தானே போனார்கள்?"

"ஓம், முசியே. தோற்றார்கள். ஆனால் வேண்டாம் என்ற வெறுங்கைச் சனத்துக்கு ஒரு பேரரசு பட்டாளம் அனுப்பியது. யார் யாருக்குப் பயந்தது என்று நீங்களே சொல்லுங்கள்."

அப்போதுதான் பின்வரிசையில் பிருந்தனைக் கண்டேன். ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்தார். வருகிறேன் என்று சொல்லவே இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்: "அண்ணையிட்டை என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலதான். சவுக்கடியே விழப்போகுது?"

சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றுக் கீழே எல்லாருக்கும் ஊற்றியாகிவிட்டது. பிருந்தன் மேலே வந்து, எங்கள் மேசையில் கதிரையை இழுத்து இருந்தார். "எனக்கும் போடு." போட்டேன். அக்கா பருப்பு ஊற்றினா.

"பிருந்தன்! டேய், கிளாஸ் இஞ்ச கிடக்கு!" என்று கீழேயிருந்து அண்ணை.

இவர் இருந்த இடத்திலிருந்தே, "அண்ணை, எனக்கு இனி வேண்டாம். என்ரை ஈரல் பழுதாப் போச்சு. நீங்கள் சாப்பிட வாங்கோ, சோறு ஆறுது" என்றார்.

பிறகு அண்ணை ஏறி வந்து, எங்கள் ஒருவரையும் பாராமல் சப்பாத்தைப் போட்டார். "சிவநேசம், வெளிக்கிடு."

"நான் சாப்பிட்டு முடியேல்லை. பேந்து பஸ்ஸில வாறன்."

இல்-பிசாருக்கு, சனிக்கிழமை, பஸ்ஸில்! கதவு அடித்துச் சாத்தப்பட்டது. அக்கா சொதியை ஊற்றிப் பிசைந்தா.

மார்ச் 26, புதன்

பிருந்தன் குடித்துவிட்டார். வேலையிடத்தில் யாரோ ஊற்றினார்களாம். வந்து தானே சொன்னார். கத்தினேன். கன்னாபின்னாவெண்டு கத்தினன். என்ன மனுசன் இது? பிறகு கத்தி முடிந்து, இரண்டு பேரும் ஆற்றங்கரையால் நடந்தோம். பனி உடைந்து போய்க்கொண்டிருந்தது. முந்தியென்றால் மறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. விடியத் தானே டொக்டருக்கு ஃபோன் எடுத்து உதவி கேட்கிறேன் என்றார்.

மார்ச் 27, வியாழன்

எடுத்தார்.

ஏப்ரல் 12, சனி

பின்னேரம் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, அண்ணையிடமிருந்து ஃபோன். அன்றைக்குக் கதவடித்துப் போனதற்குப் பிறகு முதல் தரம். பிருந்தன் ஸ்பீக்கரில் போட்டார்.

"இண்டைக்கு வரட்டோ?"

"வாங்கோ அண்ணை. சாப்பாட்டுக்கு வாங்கோ."

"சாப்பாட்டுக்கு மட்டுமோ?"

பிருந்தன் என்னைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தபடி நின்றார். "ஓம் அண்ணை. சாப்பாட்டுக்கு மட்டும்தான். கீழ பூட்டியாச்சு."

நான் அறிய அவர் அண்ணையிடம் "மட்டும்" என்று சொன்னது இதுதான் முதல் தரம். மறுமுனையில் ஃபோன் வைக்கப்பட்டது. வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை.

இவருக்கு முகம் செத்துப் போயிருந்தது. ஆனால் திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்கவில்லை. வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை வெட்டினார்.

அண்ணைக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருக்கிறேன். வந்தால் சோறு. வராவிட்டால் நாளைக்கு எங்களுக்குப் பழஞ்சோறு.